அடைத்த கதவும் திரையில் கண்ட தெய்வமும்

திருக்கோயிலுக்குச் செல்வதையே நாளின் முதற்கடமையாகக் கொண்டவர்களுக்கு 2020ஆம் ஆண்டைப் போன்ற ஒரு சோதனை அதற்குமுன் வாய்த்ததில்லை. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் தமிழகத்துத் திருக்கோயில்களின் கதவுகள் பக்தர்களுக்கு அடைக்கப்பட்டன. உள்ளே நித்திய பூஜை தவறாமல் நடந்தது. மணியோசை வீதிவரை கேட்டது. ஆனால் கண்ணாரக் கண்டு தொழ வழியில்லை. பெரிய ஆலயங்கள் மீண்டும் பக்தர்களுக்காகத் திறக்கப்பட்டது செப்டம்பர் 1ஆம் தேதிதான். அதன் பின்னரும், 65 வயதைக் கடந்தவர்கள் வீட்டிலேயே இருப்பது நலம் என்ற அறிவுரை நீடித்தது. முதியோரைப் பொறுத்தவரை கதவு திறந்தும் திறவாத நிலை.

அந்த மாதங்களில் செங்கல்பட்டில் ஒரு முதிய தம்பதி தம் மாலைப்பொழுதை எவ்வாறு கழித்தனர் என்பது, இதே நிலையில் இருந்த பலருக்கும் தம் வீட்டுக் கதையாகவே தோன்றக்கூடும்.

பெரியவர் ரயில்வேயில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். கொளவாய் ஏரிக்கரைப் பக்கம் சொந்த வீடு. அம்மையாருக்குப் பிறந்த ஊர் திருக்கழுக்குன்றம். அப்போது அவருக்கு வயது 80. மணமாகி வந்த பின்பும், பௌர்ணமி தோறும் வேதகிரி மலையை வலம் வருவதையும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறி மேலே வேதகிரீசுவரரைத் தொழுவதையும் நெடுங்காலம் விடாமல் செய்தவர். முழங்கால் நோவு வந்த பிறகு மலை ஏற்றம் நின்றது. அடிவாரத்துப் பக்தவத்சலேசுவரரை மட்டுமாவது கண்டு வந்தார். இப்போது அதுவும் இல்லை என்றானது.

வீட்டிலிருந்தபடியே அலுவலகப் பணி செய்து வந்த பேத்திதான் ஒரு வழி காட்டினாள். மார்ச் 28ஆம் தேதி முதல் தூர்தர்ஷனில் ராமானந்த சாகரின் ராமாயணத் தொடர் மறு ஒளிபரப்பாகத் தொடங்கியிருந்தது. "தாத்தா, இந்தியில்தான் வருது. பரவாயில்லையா?" என்று கேட்டாள். "ராமாயணத்துக்கு மொழி எதுக்கும்மா? அடுத்து என்ன வரும்னு நமக்குத்தான் தெரியுமே" என்றார் பெரியவர். சில நாள் பார்த்தனர். பிறகு அம்மையார், "தமிழில் அந்தக் காலத்துச் சாமி படங்கள் கிடைக்காதா?" என்று கேட்கவே, பேத்தி தொலைக்காட்சியில் இணைய இணைப்பைச் சேர்த்து, பழைய படங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள்.

மாலையில் விளக்கேற்றிப் பதிகம் ஓதிய பின்புதான் படம். மூன்று மணி நேரப் படத்தை ஒரே மூச்சில் பார்க்க முதுகு இடம் தராது. ஆகவே ஒரு படம் இரண்டு மாலைகளுக்கு ஆயிற்று. பார்த்து முடித்ததும் இருவரும் தத்தம் கருத்தைச் சொல்வார்கள். பெரியவர் நடிப்பையும் பாட்டையும் பற்றிப் பேசுவார். அம்மையாரோ சிறு வயது முதல் கோயில் மண்டபங்களில் புராணப் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர். கதை மூலத்தோடு ஒத்துப் போகிறதா, எங்கே பிரிகிறது என்பதைப் பார்ப்பார்.

முதலில் பார்த்தது 1965இல் வெளிவந்த 'திருவிளையாடல்'. ஏ.பி.நாகராஜன் இயக்கியதோடு நக்கீரராகவும் நடித்த படம். சிவாஜி கணேசன் சிவபெருமானாகவும் சாவித்திரி அம்மையாகவும் தோன்றினர். பாணபத்திரராக டி.ஆர்.மகாலிங்கமும், ஏமநாத பாகவதராக டி.எஸ்.பாலையாவும் வரும் பகுதியைப் பெரியவர் மிகவும் ரசித்தார். செருக்குடன் வந்த ஒருவன், விறகு சுமந்து வந்தவனின் பாட்டைக் கேட்டு இரவோடு இரவாக ஊரை விட்டுப் போகும் கதை அவருக்கு எப்போது கேட்டாலும் புதியது.

அம்மையாரின் மனம் தருமியிடம் நின்றுவிட்டது. நாகேஷின் நடிப்பில் பேத்தி வாய்விட்டுச் சிரித்தாள்; அம்மையாரும் சிரித்தார். பிறகு சொன்னார்: "பரஞ்சோதி முனிவர் புராணத்தில் இவன் சிரிப்பு மூட்டுகிறவன் இல்லை. தாய் தந்தையை இழந்த ஆதிசைவப் பிள்ளை. கல்யாணம் செய்துகொள்ளக் கையில் காசில்லை என்று சொக்கநாதரிடம் போய் அழுதவன். கோயிலையே நம்பியிருக்கிறவனுக்குக் கோயிலில்தானே கேட்க முடியும்?"

அவ்வளவில் அந்தப் பேச்சு முடியவில்லை. அவர்கள் தெருக்கோடியில் ஒரு சிறிய கோயில் உண்டு. அங்குள்ள குருக்களுக்குத் தட்டில் விழும் காணிக்கைதான் பெரும்பகுதி வருமானம். பக்தர்கள் வாராத கோயிலில் தட்டில் என்ன விழும்? மறுநாள் காலை பெரியவர் ஒரு மாதத்துக்கான அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றோடு ஓர் உறையில் பணமும் வைத்துக் குருக்கள் வீட்டு வாசலில் சேர்ப்பித்தார். கோயில் திறக்கும்வரை மாதந்தோறும் அது தொடர்ந்தது. ஆறு மாதங்களில் பார்த்த படங்களுள், பார்த்த மறுநாளே பலன் தந்த படம் அதுவே என்று பெரியவர் பின்னாளில் சொல்வதுண்டு.

'கந்தன் கருணை' 1967ஆம் ஆண்டுப் படம். முருகனாகச் சிவகுமாரும், வள்ளியாக ஜெயலலிதாவும், தெய்வயானையாகக் கே.ஆர்.விஜயாவும், வீரபாகுவாகச் சிவாஜி கணேசனும் நடித்தது. இசையமைத்த கே.வி.மகாதேவன் இப்படத்துக்காகச் சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருதைப் பெற்றார். அப்பிரிவில் வழங்கப்பட்ட முதல் விருது அதுவே. சூரபத்மனாக வந்த அசோகனின் முழக்கத்தைக் கேட்டதும் பேத்தி ஒலியைக் குறைக்க வேண்டியதாயிற்று.

அந்தப் போர்க்களத்தைக் காணும்போது அம்மையாருக்குத் திருப்போரூர் நினைவு வந்தது. முருகப்பெருமான் அசுரருடன் நிலத்தில் பொருதது திருப்பரங்குன்றத்தில், கடலில் பொருதது திருச்செந்தூரில், விண்ணில் பொருதது திருப்போரூரில் என்பது தலமரபு. செங்கல்பட்டுக்காரர்களுக்கு அந்த மூன்றாவது போர்க்களம் பேருந்தில் போய் வரும் தொலைவுதான். பனைமரத்தடியில் சுயம்பு மூர்த்தியைக் கண்டெடுத்துக் கோயிலை மீண்டும் எழுப்பிய சிதம்பர சுவாமிகளின் வரலாற்றை அன்று இரவு பேத்தி முதன்முறையாகக் கேட்டாள்.

'சம்பூர்ண ராமாயணம்' 1958இல் வந்தது. என்.டி.ராமராவ் இராமனாகவும், சிவாஜி கணேசன் பரதனாகவும், டி.கே.பகவதி இராவணனாகவும் நடித்தனர். வீணையை ஏந்தி இராகங்களின் இலக்கணத்தைப் பேசும் இராவணனைப் பெரியவர் வியந்தார். கலையும் கல்வியும் வாய்த்தவன் ஒரு பிழையால் அழிந்தான் என்பதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது என்றார். அம்மையாருக்குப் பரதனே போதுமானவன். பாதுகைகளைத் தலைமேல் ஏற்றுத் திரும்பும் பரதனைக் கண்டு கண் கலங்கினார். கிடைத்த அரசை வேண்டாம் என்றவனின் துயரம், கிடைக்காததை விரும்பியவனின் துயரத்தைவிடப் பெரியது என்பது அவர் கருத்து.

1957ஆம் ஆண்டு 'மாயா பஜார்' படத்தை வீட்டிலிருந்த எல்லோரும் பார்த்தனர். கடோத்கசனாக எஸ்.வி.ரங்காராவ் திருமண விருந்தை உண்டு தீர்க்கும் காட்சியில் அந்த வீடு பல வாரங்களுக்குப் பின் சிரிப்பால் நிறைந்தது. 1964ஆம் ஆண்டு 'கர்ணன்' பெரியவர் இளமையில் திரையரங்கில் பார்த்தது. பி.ஆர்.பந்துலு இயக்கிய அப்படம் 2012இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தபோதும் பார்த்தார். மூன்றாம் முறை பார்த்தபின் அவர் சொன்னது இது: "வயசுல பார்த்தப்போ கர்ணனுக்காக அழுதேன். இப்ப குந்திக்காக."

ஏறத்தாழ பத்துப் படங்கள் ஆனபின் அம்மையாருக்கு ஒரு மனக்கலக்கம் உண்டாயிற்று. இரண்டு மூன்று நாள் படம் வேண்டாம் என்றார். பெரியவர் காரணம் கேட்டதற்கு முதலில் சொல்லவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்.

"என்னங்க, கண்ணை மூடிச் சிவனேன்னு உட்கார்ந்தா சிவாஜி முகம் வருதுங்க. அப்பர் தேவாரம் ஓதினா அதுக்கும் அவர் முகம்தான். கோயிலுக்குப் போய் சுவாமியைப் பார்த்துக்கிட்டு இருந்தவரைக்கும் இப்படி இல்லை. இது பாவமில்லையா?"

பெரியவர் இதைச் சிரித்துத் தள்ளவில்லை. அவர் கேட்ட கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. 1987இல் ராமாயணத் தொடர் முதன்முதலாக ஒளிபரப்பானபோது வடநாட்டில் பல வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டிக்கே மாலையிட்டு ஆரத்தி காட்டினார்கள். ஆந்திர நாட்டிலும் தமிழகத்திலும் என்.டி.ராமராவின் உருவம் கண்ணனாக நாட்காட்டிகளில் இடம்பெற்றது. 'திருவருட்செல்வர்' படத்தில் அப்பராக நடித்தபோது சிவாஜி கணேசனுக்கு வயது 40கூட நிறையவில்லை. முதிய அடியாரின் தோற்றத்துக்குக் காஞ்சி மகாசுவாமிகளின் திருவுருவத்தையே முன்மாதிரியாகக் கொண்டார். அவ்வளவு பணிவுடன் செய்யப்பட்ட வேடம் காண்பவர் நெஞ்சில் பதிவது இயல்புதானே?

பெரியவர் ஒரு விடை சொல்லிப் பார்த்தார். "மாமல்லபுரத்தில் பல்லவச் சிற்பி என்ன செய்தான்? மகிடனை வதைக்கும் தேவியை, கோவர்த்தனத்தை ஏந்தும் கண்ணனை, பூமியைத் தூக்கும் வராகரைக் கல்லில் காட்டினான். புராணத்தைக் காதால் கேட்டவர்கள் கண்ணாலும் பார்க்கட்டும் என்று செய்தான். நாகராஜன் அதையே படச்சுருளில் செய்தார். அது பாவம் இல்லை என்றால் இதுவும் இல்லை."

அம்மையார் சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "கல்லில் இருக்கிற முகம் யாருடையதுன்னு நமக்குத் தெரியாதுங்க. இதில் தெரியுதே" என்றார்.

இந்த மறுமொழிக்குப் பெரியவரிடம் பதில் இல்லை. உண்மையில் இதுவே சிற்பத்துக்கும் திரைக்கும் உள்ள வேறுபாடு. சிற்பியின் கண்முன் நின்ற மனிதர் யாரோ, அவர் மறைந்து 13 நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. கல்லில் தெய்வம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. நடிகரின் முகமோ நாம் அறிந்த முகம். சிவனாக வந்தவரே வீரபாகுவாக வருகிறார். 1968ஆம் ஆண்டு 'திருமால் பெருமை'யில் பெரியாழ்வாராகவும் தொண்டரடிப்பொடி ஆழ்வாராகவும் திருமங்கை ஆழ்வாராகவும் வருகிறார். சைவ வைணவ ஒற்றுமைக்கு இது நல்லதுதான் என்று பெரியவர் வேடிக்கையாகச் சொன்னார். அம்மையார் சிரித்தாரே தவிர, கலக்கம் தீரவில்லை.

தீர்வை அம்மையாரே கண்டுகொண்டார். அதற்கு அவருக்குத் துணை நின்றவர் பூசலார் நாயனார். திருநின்றவூரில் வாழ்ந்த அவரிடம் கோயில் கட்டப் பொருளில்லை. ஆகவே மனத்திலேயே நாள் பார்த்து, அடித்தளமிட்டு, கல் கல்லாக அடுக்கி, சிகரம் வைத்துக் குடமுழுக்குக்கும் நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தான் எடுப்பித்த கற்றளிக்குக் குடமுழுக்கு வைத்திருந்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, 'நாளை பூசலின் கோயிலுக்குப் போகிறோம். நீ வேறு நாள் வைத்துக்கொள்' என்று அருளினான் என்பது பெரியபுராணம். அம்மன்னன் இராசசிம்மன் என்றும், அக்கற்றளி கைலாசநாதர் கோயில் என்றும் ஆய்வாளர் கூறுவர். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை எடுப்பித்தவனும் அவனே.

அன்று முதல் விடியற்காலையில் அம்மையார் கண்ணை மூடிக்கொண்டு வேதகிரி மலையின் படிகளை ஒவ்வொன்றாக ஏறலானார். முழங்கால் நோவு வருமுன் ஏறிய படிகள்; எந்தத் திருப்பத்தில் காற்று வீசும், எங்கே நின்றால் சங்கு தீர்த்தம் கீழே தெரியும் என்பதெல்லாம் நினைவில் இருந்தன. மேலே சென்று கருவறை முன் நின்றால் அங்கே இருப்பது சுயம்புலிங்கம். அதற்கு முகம் இல்லை. முகம் இல்லாத திருமேனியில் எந்த நடிகரின் முகமும் வந்து ஒட்டவில்லை. சில நாட்களில் அவர் மனம் அமைதியடைந்தது. "கதைக்குத்தான் முகம் வேணும், கும்பிட வேண்டாம்" என்று பேத்தியிடம் சொன்னார். "படத்தையும் இனிமேல் பார்க்கலாம்."

மீண்டும் தொடங்கியபோது அவர் கேட்டவை கே.பி.சுந்தராம்பாள் நடித்த படங்கள். ஜெமினியின் 'ஔவையார்' 1953இல் வந்தது. 'காரைக்கால் அம்மையார்' 1973இல் நாகராஜன் எடுத்தது. குன்னக்குடி வைத்தியநாதனின் இசை. இளம் புனிதவதியாக லட்சுமியும், பேயுருவை வேண்டிப் பெற்ற அம்மையாராகச் சுந்தராம்பாளும் நடித்தனர். 25 வயதில் கணவர் எஸ்.ஜி.கிட்டப்பாவை இழந்து, அதன்பின் வெண்ணிற ஆடையும் திருநீறுமாகவே வாழ்ந்தவர் சுந்தராம்பாள். அவருடைய முகம் தியானத்தில் வந்தாலும் தமக்கு உறுத்தவில்லை என்றார் அம்மையார். திரையில் அவர் நடிப்பதாகத் தெரியவில்லை, வேண்டிக்கொள்வதாகத்தான் தெரிகிறது என்றார்.

இவ்விரு படங்களிலும் அவரைக் கவர்ந்த பொருள் இன்னொன்று உண்டு. ஔவை முதுமையைக் கேட்டுப் பெற்றாள். காரைக்கால் அம்மையார் அழகை உதறிப் பேயுருவைக் கேட்டுப் பெற்றார். எல்லாரும் போகக் கூடாது என்று எண்ணும் இளமையை இருவரும் தாமே கொடுத்துவிட்டார்கள். "நமக்கு அது கேட்காமலே வந்துடுச்சு" என்று சிரித்த அம்மையார், கயிலையைத் தலையால் நடந்து ஏறிய கட்டம் வந்ததும், "காலே வரலை எனக்கு, அந்தம்மா தலையால நடக்கிறாங்க பாருங்க" என்றார். முதுமையைக் குறித்து அவர் வேடிக்கையாகப் பேசி வீட்டார் வெகுநாளாகக் கேட்டதில்லை.

ஆகஸ்ட் மாதத்தில் 'நந்தனார்' பார்த்தார்கள். 1942இல் ஜெமினி தயாரித்தது; தண்டபாணி தேசிகர் நந்தனாராக நடித்துப் பாடியது. இதற்கு முன்பே 1935இல் 'பக்த நந்தனார்' என்ற படத்தில் சுந்தராம்பாள் ஆண் வேடமிட்டு நந்தனாராக நடித்தார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றது அந்நாளில் நாடெங்கும் பேசப்பட்டது. சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் அதில் வேதியராக வந்தார்.

படம் முடிந்ததும் பெரியவர் மூலக்கதையைப் பற்றிப் பேசினார். சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் புராணத்தில் கொடுமை செய்யும் வேதியர் கிடையாது. அவரைப் படைத்தவர் 19ஆம் நூற்றாண்டில் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார். மூலத்தோடு முரண்படுகிறதென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அந்நூலுக்குச் சிறப்புப் பாயிரம் தர முதலில் தயங்கினார் என்று உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். வழக்கமாக இத்தகைய வேறுபாடுகளை முதலில் எடுத்துக் காட்டுபவர் அம்மையாரே. அன்று அவர் எதையும் பேசவில்லை. வெகுநேரம் கழித்து, இதுவரை வீட்டில் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

அவருக்கு ஆறு வயதிருக்கும். திருக்கழுக்குன்றத்தில் அவர் தந்தையின் நிலத்தில் வேலை செய்த ஒரு முதியவர் உண்டு. சித்திரைத் திருவிழாவின்போது ஊரெல்லாம் தேர் வீதியில் இருக்க, அவர் மட்டும் வயல் வரப்பில் நின்று மலையை நோக்கிக் கைகூப்புவார். "நீ ஏன் தாத்தா கோயிலுக்கு வரலை?" என்று குழந்தை கேட்டது. "மலை இங்கேர்ந்தே தெரியுதே பாப்பா. அது போதும்" என்றார் அவர். அவர் நிறைவோடு இருப்பதாக அக்குழந்தை நம்பியது, நம்பியபடியே வளர்ந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 1939 ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாத ஐயர் தலைமையில் நடந்த ஆலயப் பிரவேசமும், 1947இல் சென்னை மாகாணத்தில் வந்த ஆலயப் பிரவேசச் சட்டமும் பின்னாளில் பாடப் புத்தகத்துச் செய்திகளாகவே அவருக்குத் தெரிந்தன.

"இந்த அஞ்சு மாசமா வாசல்ல நின்னு மணிச்சத்தத்தை மட்டும் கேட்டுட்டு வரோம். மனசு என்ன பாடுபடுது! அவர் வாழ்நாள் முழுக்க வரப்பில் நின்னார். போதும்னு சொன்னது நிறைவில்லைங்க. ஒரு குழந்தைகிட்ட வேறு என்ன சொல்ல முடியும்?"

அன்றிரவு படத்தைப் பற்றிய கருத்து என்று அந்த வீட்டில் வேறெதுவும் பேசப்படவில்லை. அந்த முதியவரின் பெயர் அம்மையாருக்கு நினைவில்லை. ஆயினும் மறுநாள் முதல் விளக்கேற்றும்போது அவருக்காகவும் ஒரு நாழிகை அமர்ந்து திருநாளைப்போவாரை நினைக்கும் வழக்கத்தை மேற்கொண்டார்.

திருமறைக்காட்டில் வேதங்கள் பூசித்து அடைத்த கதவைத் திறக்க அப்பர் பெருமான் பதிகம் முழுவதையும் பாட வேண்டியிருந்தது. அதை மீண்டும் அடைக்கச் சம்பந்தர் பாடியபோது முதற்பாட்டிலேயே கதவு மூடிக்கொண்டது. மூடுவது எளிது, திறப்பதற்குத்தான் காலம் ஆகும் என்பதை அவ்வாண்டில் எல்லோரும் அறிந்துகொண்டனர். செப்டம்பர் 1 அன்று திருக்கோயில்கள் திறந்தன. மகனும் பேத்தியும் தடுத்ததால் தம்பதியர் உடனே செல்லவில்லை. பொறுத்திருந்து, நோயச்சம் நன்கு தணிந்தபின் வந்த ஒரு மாசி மகத்தன்று மாமல்லபுரத்துக்குச் சென்றனர். மலை ஏற முடியாதவருக்குத் தரையிலேயே கிடக்கும் பெருமாள் அங்கே இருக்கிறார் என்று பெரியவர்தான் அத்தலத்தைத் தேர்ந்தெடுத்தார்.

கடல்மல்லைத் தலசயனம் திருமங்கையாழ்வார் பாடிய தலம். பூதத்தாழ்வாரின் அவதாரத் தலமும் அதுவே. பாற்கடலில் பள்ளிகொண்ட பரமனுக்குத் தாமரை மலர்களைச் சாத்த விரும்பிய புண்டரீக முனிவர், குறுக்கே கிடந்த கடலைக் கையால் இறைத்து வற்றச் செய்ய முனைந்தார். அப்போது ஒரு முதியவராக வந்த பெருமாள் பசிக்கு உணவு கேட்டார். முனிவர் உணவு கொண்டுவரச் சென்றிருந்த வேளையில் தாமே கடல்நீரை இறைத்தார். அவர் திரும்பி வந்து பார்க்கையில், அம்மலர்களைச் சூடியபடி பாம்பணையும் இன்றி வெறுந்தரையில் சயனித்திருந்தார். அன்பரால் தன்னிடம் வர முடியவில்லை என்பதால் தானே அவரிடம் வந்த பெருமாள் அவர். அவருடைய வலக்கை அருகே வா என்று அழைக்கும் பாவனையில் இருப்பதாகப் பெரியோர் சொல்வர். கருவறை முன் நின்ற அம்மையார் நெடுநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே கடற்கரையில் இருளர் குடும்பங்கள் திரண்டிருந்தன. மாசி மகத்துக்கு அவர்கள் பல ஊர்களிலிருந்தும் வந்து, மணலில் கூடாரமிட்டுத் தங்கி, அலையோரத்தில் மணலையே பீடமாக்கிக் கன்னியம்மனை வழிபடுவது வழிவழியாக வரும் வழக்கம். அந்தக் கோயிலுக்குச் சுவரில்லை, கதவில்லை; அலை வந்தால் கரைந்துவிடும், மறு ஆண்டு மீண்டும் எழும். ஓர் இருளர் மூதாட்டி மணலில் பூவைச் செருகி வணங்கினார். அம்மையார் தம் கையிலிருந்த பூச்சரத்தில் பாதியை அவரிடம் நீட்டினார். அவர் அதையும் வாங்கி மணலில் சாத்தினார்.

இப்போதும் அந்த வீட்டில் வாரத்துக்கு ஒரு படம் பார்க்கிறார்கள். கோயிலுக்குப் போய் வந்த பிறகு. வீட்டில் முதியோர் இருக்கப் பெற்றவர்கள் இத்தகைய படங்களை அவர்களுக்குப் போட்டுத் தருவதோடு எழுந்து போய்விடாமல், உடன் அமர்ந்து பார்ப்பது நல்லது. படம் முடிந்தபின் அவர்கள் பேசத் தொடங்குவார்கள். எந்தப் புராணத்திலும் எழுதப்படாத ஓர் அடியாரின் கதையும் அதில் இருக்கக்கூடும்.